ஐந்து முதுகும் ஒரு மெகாஃபோனும்

இந்த வருஷம் மெகாஃபோனை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று பிப்ரவரியில், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்துக் கை தூக்க யாரும் இல்லை. ஏகமனதாக நிறைவேறும் தீர்மானங்களைச் சந்தேகப்படுவது என் வழக்கம். இதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த மெகாஃபோன் என்னுடையது. எங்கள் ஓஹையோ ஊரின் உருக்காலையை மூடப்போகிறோம் என்று முதலாளிகள் அறிவிப்பு ஒட்டிய காலையில், அதைப் பிடித்துக்கொண்டு அலுவலகப் படிக்கட்டில் ஏறி நின்றேன். எழுதி வைத்திருந்த பேச்சு மழையில் கரைந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது. "உட்காருங்க." ஆலைப் பட்டாளம் மொத்தமும் சேற்றில் உட்கார்ந்தது. ஷெரிஃப் வந்து கெஞ்சியும் ஒருவன் எழுந்திருக்கவில்லை. ஆலையை மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் உட்கார்ந்தோம்.

ஆலை போன பிறகு சங்கக் கட்டடத்தில் மிஞ்சியது நாங்கள் எட்டுக் கிழவர்களும் ஒரு காபி இயந்திரமும். பொழுது போக ஒரு பந்தயம் ஆரம்பித்தோம். ஒவ்வொரு வசந்தத்திலும் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வருகிறதல்லவா, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்களும் ஆளுக்கு ஓர் ஓட்டக்காரனைத் தேர்ந்தெடுப்போம். பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு, எதிரிகளை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகிறானே, அவனை. புத்தாண்டுக்குள் யாருடைய பையன் அதிக கஜம் ஓடுகிறானோ அவருக்கு வெற்றி. அணிகள் எடுத்த பிறகு நாம் எடுக்கலாமே என்று கேட்டார்கள். முதலாளி விலை சொல்லித்தான் தொழிலாளியின் மதிப்பு நமக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். சட்டதிட்டம் முழுக்க நான் கைப்பட எழுதியது. பரிசாக மெகாஃபோனையும் நானே கொடுத்தேன். எப்படியும் திரும்ப என்னிடம்தானே வரும் என்ற நம்பிக்கை.

வரவே இல்லை. போன வருஷம் ஜெயித்தது எங்களில் ஒருவனான பக்கத்து வீட்டு காஸ்மோ; இப்போது அது அவனிடம் இருக்கிறது. அவன் அதில் நாயைக் கூப்பிடுகிறான்.

"பிஸ்கட். உட்காரு. பிஸ்கட், உட்காருன்னு சொல்றேன்ல."

ஓர் ஆலையையே உட்காரவைத்த கருவி. நாய் உட்காருவதில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நானும் இந்தப் பக்கம் கூடத்தில் நடந்துகொண்டிருப்பேன். எனக்கு உட்கார்ந்து சிந்திக்க வராது. எல்லாம் நடந்துதான். கூடத்தின் நடுவில் ஒரு தரைப்பலகை, மிதித்தால் கிறீச்சென்று கத்தும்.

"அந்தப் பலகைக்கு ரெண்டு ஆணி அடிக்கச் சொல்லி எத்தனை வருஷமா சொல்றேன்," என்பாள் என் மனைவி பெர்னி, சமையலறையிலிருந்து.

"அடிக்கிறேன். முதல்ல இந்தப் பிரச்சினை முடியட்டும்."

"எந்தப் பிரச்சினை? முதலாளித்துவமா?"

பெர்னிக்கு வர்க்க அரசியலில் ஆர்வம் குறைவு.

நான் ஏனோதானோவென்று ஆள் பார்க்கிறவன் இல்லை. மற்ற கிழவர்கள் கஜத்தை எண்ணுவார்கள். இல்லாவிட்டால் தேர்வு முகாமில் பையன்கள் அரைக்கால் சட்டையோடு நாற்பது கஜம் ஓடிக் காட்டுவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அரைக்கால் சட்டையோடு ஓடுகிறவனை யாரும் அடிக்க வருவதில்லை என்பது அவர்களுக்கு உறைக்காது. நான் அஞ்சு சென்ட் பிரசுரங்களில் பொருளாதாரம் படித்தவன். ஓட்டக்காரன் தன் காலில் ஓடுவதில்லை. முன்னால் நின்று முட்டுகிற ஐந்து பேரின் முதுகில் ஓடுகிறான். உழைப்பு அந்த ஐவருடையது. பத்திரிகையில் படம் இவனுடையது. ஆகவே ஓடிய கஜத்திலிருந்து ஐவரின் உழைப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவன் யோக்கியதை.

இந்த முறைப்படி பார்த்தால் ஊரே கொண்டாடும் கீனன் ஆர்மிஸ்டெட் ஒன்றுமே இல்லை. தெற்கே பெரிய பல்கலைக்கழகம். அவன் முன்னால் நிற்கிற ஐவரும் ஆளுக்கு ஒரு குளிர்பெட்டி அளவு. அவர்கள் திறந்துவிடும் வழியில் என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவிட்டாலும் ஆயிரம் கஜம் போயிருப்பாள்.

நான் கண்டுபிடித்தது டோபி மெக்வாட்டரை. இந்தியானாவில், சோள வயலுக்கு நடுவே ஒரு கல்லூரி. அவனுடைய ஐவரில் ஒருவன் விசில் ஊதும்போதே விழுந்துவிடுவான். பந்து கைக்கு வருவதற்குள் இரண்டு பேர் டோபியின் இடுப்பில் தொங்குவார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு நாலு கஜம் போவான். பந்து தன்னிடம் இல்லாதபோது சும்மா நிற்கமாட்டான். பந்தை எறிகிறவனை நசுக்க வரும் ராட்சசனுக்குக் குறுக்கே போய் விழுவான். கைதட்டல் கிடையாத வேலை. அதைச் செய்கிறவனை நான் நம்புவேன்.

ஆனால் எனக்கு மூன்றாவது இடம். போன வருஷம் கடைசியாக வந்தவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. கடைசியாக வந்தவன் பேலா. அவன் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டான். அவன் நாற்காலி காலி, அவன் முறையும் காலி என்று கணக்குப் போட்டேன். அடுத்தவன் ஆர்வில். ஆர்விலுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. ஆனால் என் மூளையைப் பற்றி அவனுக்கு மரியாதை உண்டு. நான் யாரைப் பார்க்கிறேனோ அவனைத் தூக்கிவிடுவான். அதுதான் ஆபத்து.

ஆபத்தை ஆயுதமாக்குவதுதானே அரசியல். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாராவாரம் பெண்கள் கூடிப் பியரோகி செய்வார்கள். உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளுவார்கள். கிள்ளுகிற கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வில்லை. அந்த மேசையில் பெர்னிக்குப் பக்கத்தில் நிற்பவள் தெல்மா, ஆர்விலின் மனைவி. அங்கே சொன்னது சாயங்காலத்துக்குள் ஆர்வில் காதில் விழுந்துவிடும். என் பிரசுரம் எதற்கும் அந்த வேகம் இருந்ததில்லை.

எனவே தினமும் மதியம் கூடத்தில் ஆர்மிஸ்டெட்டின் ஆட்டங்களைச் சத்தமாகப் போட்டேன். வர்ணனையாளர் அவன் பெயரைக் கூவக் கூவ, நானும் "ஆஹா" என்றேன். பெர்னி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யார் இது, இப்படி உருகறே?"

"பெர்னி, இது ரகசியம். ஆர்மிஸ்டெட். இவனைத்தான் எடுக்கப்போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"யார்கிட்ட விடப்போறேன்?"

"குறிப்பா தெல்மாகிட்ட."

"சரி, குறிப்பா தெல்மாகிட்ட."

"என்ன, திருப்பிச் சொல்றே?"

"மறந்துடக் கூடாதில்ல," என்று உள்ளே போனாள்.

டோபியின் ஆட்டங்களை அதற்கப்புறம், சத்தத்தைக் குறைத்து, அவள் உருளைக்கிழங்கு உரிக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்வேன்.

அடுத்த வாரம் கடையில் ஆர்வில் என்னைப் பார்த்துவிட்டு, டப்பா சூப்பு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தான். வேலை நடந்துவிட்டது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. டோபிக்கு முழங்கால் வலி என்று ஒரு பேச்சு வந்தது, நடந்தேன். இல்லை, கணுக்கால்தான் என்றார்கள், நடந்தேன். பக்கத்தில் மெகாஃபோன் "பிஸ்கட், உட்காரு" என்றது. இன்னும் வேகமாக நடந்தேன்.

"எமில், செருப்பு தேயுது," என்றாள் பெர்னி.

"நீ நினைக்கிற மாதிரி இது விளையாட்டு இல்ல. அந்த மெகாஃபோன் நம்ம வீட்டுக்கு வரணும்."

"வந்து?"

"வந்துன்னா?"

"வந்து என்ன பண்ணும்? மறுபடி பேசுமா?"

"அது சரித்திரம், பெர்னி."

"சரித்திரம்தான். அதை நாப்பது வருஷமா சாப்பாட்டு மேசையில கேட்டவ நான்."

ஞாயிறு மதியம் சங்கக் கட்டடத்தில் கூடினோம். போன வருஷம் ஜெயித்தவன் தலைமை தாங்குவது வழக்கம். காஸ்மோ மெகாஃபோனோடு எழுந்தான். அறையில் இருந்தது ஏழு கிழவர்கள். மெகாஃபோன் தேவையே இல்லை. எனக்குக் காட்டத்தான்.

"முதல் முறை. பேலாவோட நாற்காலி."

"பேலா ஃப்ளோரிடாவுல ஆரஞ்சு பறிச்சிக்கிட்டிருக்கான்," என்றேன். "நாற்காலி காலி. அடுத்தது ஆர்வில்."

"நாற்காலிக்கு ஆள் இருக்கு," என்றது வாசலில் ஒரு குரல்.

பெர்னி. ஞாயிற்றுக்கிழமை கோட்டு, கையில் வால்நட் ரொட்டித் தட்டு. நேரே வந்து பேலாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க இங்க?" என்றேன்.

"பேலா என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். விலகறவர் தன் இடத்தை மகளிர் அணியில யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். உன் சட்டம்தானே."

என் சட்டம்தான், சங்க விதியிலிருந்து பந்தயத்துக்கும் அப்படியே நகலெடுத்தது. சங்கத்தில் பெண்களுக்குச் சம இடம் வேண்டும் என்று ஒரு காலத்தில் தொண்டை கிழியப் பேசி நிறைவேற்றியது. அன்றைக்கு எல்லாப் பெண்களும் எழுந்து கைதட்டினார்கள். பெர்னி மட்டும் தட்டவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். காத்திருந்திருக்கிறாள்.

"சட்டம் பேசுது, தோழர்," என்று காஸ்மோ மெகாஃபோனை என் பக்கம் திருப்பிச் சொன்னான். "அம்மா, யாரை எடுக்கறீங்க?"

பெர்னி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "டோபி மெக்வாட்டர்."

யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்கள். இன்னொரு தடவை சொன்னாள். எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது.

அடுத்து ஆர்வில் துள்ளி எழுந்தான். "ஆர்மிஸ்டெட்." என்னைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தான். "மன்னிச்சுக்க, எமில். உன் மனசு எனக்குத் தெரியும்."

என் திட்டம் துளி பிசகாமல் நிறைவேறியது என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

என் முறை வந்தது. யாரோ கைகாட்டிய ஒரு பையன் பெயரைச் சொன்னேன். அவன் வருஷம் முழுக்க மைதான ஓரத்தில் தோழர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். நல்ல பையன் என்றார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது பெர்னியைக் கேட்டேன்.

"நான் ஆர்மிஸ்டெட்னுதானே சொன்னேன்?"

"சொன்னே."

"தெல்மாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. சொல்லாதேன்னு அவ்வளவு கெஞ்சினியே, சொல்லணும்னு புரிஞ்சுது. என்னைத் தபால்பெட்டியா வச்சிருக்கே. போகட்டும், போடற கடுதாசியைப் பெட்டி படிக்காதுன்னு யார் சொன்னா?"

"டோபியை எப்படிக் கண்டுபிடிச்சே? சத்தத்தையே குறைச்சிருந்தேனே."

"சத்தம்தான் நின்னுபோச்சே."

"என்ன சத்தம்?"

"பலகைச் சத்தம். ஆர்மிஸ்டெட் ஓடினா அது கிறீச் கிறீச்னு கத்திக்கிட்டே இருக்கும். உன் வாய் ஆஹாங்குது, உன் கால் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்குது. அப்புறம் ஒரு நேரம் வரும், வீடே அமைதியாயிடும். செத்துக்கித்துப் போயிட்டியோன்னு வந்து எட்டிப் பார்த்தேன். நாற்காலியில உட்கார்ந்திருக்கே. காபி ஆறிக் கிடக்கு. திரையில அந்தப் பொடியன் ரெண்டு தடியனை இழுத்துக்கிட்டுப் போறான், அடியில அவன் பேரும் ஓடுது. கல்யாணமான நாளா நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்ல, எமில். நம்ம கல்யாண விருந்துலகூட நின்னுக்கிட்டே பேசினவன். அந்தப் பையன்கிட்ட ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அந்த ரெண்டு ஆணியை அடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

கொஞ்ச தூரம் போனபின் வர்க்கக் கடமை நினைவுக்கு வந்தது. "என்ன இருந்தாலும் அந்த ஆராய்ச்சி முழுக்க என் உழைப்பு. பலன் உனக்கு."

"நீதானே சொல்வே, முன்னால முட்டறது ஒருத்தன், ஓடறது இன்னொருத்தன்னு. நீ முட்டினே. நான் ஓடினேன்." ஒரு வால்நட் ரொட்டித் துண்டை என் கையில் வைத்தாள். "சாப்பிடு. நல்லாத்தான் முட்டினே."

அந்த வாரம் டிராஃப்டில் டோபியை ஓர் அணி வெகு பின்னால், எல்லோரும் தொலைக்காட்சியை அணைத்த பிறகு எடுத்தது. இலையுதிர் காலத்தில் அவர்களுடைய ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நொண்டினார்கள். டோபி உள்ளே வந்தான். இப்போது அவன் முன்னால் நின்ற ஐவரும் குளிர்பெட்டி அளவு. அந்த வழியில் அவன் ஓடியதைப் பார்த்து நான் எழுந்து நின்று கத்தினேன். பெர்னி, "யார் பையனுக்கு யார் கத்தறது," என்றாள்.

புத்தாண்டு அன்று காஸ்மோ வேலியருகே வந்து, துடைத்து மெருகேற்றிய மெகாஃபோனைப் பெர்னி கையில் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நாய்க்கு ஒன்றும் கலங்கவில்லை. சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, தீர்மானம் நிறைவேறியது. மெகாஃபோன் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு நிமிஷம், பிடித்து மட்டும் பார்க்கிறேன் என்று கேட்டேன். அவள் தருவதற்குள் அடுத்த வசந்தத்துக்கான யோசனை தொடங்கிவிட்டது. ஒரு புதுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. கால்கள் தாமாகவே நடந்தன. பலகை கிறீச்சிட்டது. பெர்னி சமையலறை வாசலில் நின்று மெகாஃபோனை உயர்த்தினாள்.

"எமில். உட்காரு."

உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் பிஸ்கட்டும் உட்கார்ந்திருந்தது.