வெள்ளச்சி கழுத்துல ஒரு ஆன்டெனா

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. அம்மாவோட ஆடு வெள்ளச்சி கழுத்துல நான் டிசைன் பண்ண போர்டைக் கட்டணும்.

உத்திரமேரூர் பக்கத்துல, வூட்ல இருந்தே சர்க்யூட் போர்டு லேஅவுட் வரையிறேன். வெள்ளச்சி அடிக்கடி மந்தைய வுட்டுப் போயிடும். அதுக்குன்னே தீப்பெட்டி சைஸ்ல ஒரு ரேடியோ போர்டு. ஆடு அரை கிலோமீட்டர்ல இருந்தாலும் என் கையில இருக்கிற பெட்டி கத்தணும்.

கட்டினேன். பக்கத்துலயே நின்னு பாத்தேன், கத்துச்சு. எனக்கே என்னைப் பாத்து பெருமை.

சாயங்காலம் அம்மா போன். "வெள்ளச்சிய காணோம்டி. சினை ஆடு. உன் மிஷின எடுத்துக்கினு வா."

ஓடினேன். ஏரிக்கரை முழுக்க பெட்டியத் தூக்கிப் புடிச்சிக்கினு நடந்தேன். சத்தமே இல்ல.

எதிர்ல டிவிஎஸ்ல வந்தவரு வண்டிய நிறுத்திட்டாரு. "டவர் கெடைக்கலியாம்மா? மதகு மேல ஏறு, அங்க நல்லா கீது."

ஏறினேன். அங்கயும் இல்ல.

இருட்டிக்கினு வந்துச்சு. கூடவே தேடிக்கினு வந்த அம்மா மூஞ்சிய பாக்கவே முடியல. "பொட்டி இன்னா சொல்லுது?"ன்னு கேட்டாங்க.

"ஒண்ணும் சொல்லலம்மா."

அம்மா கைய வாய்கிட்ட வெச்சு, "ம்பே... ம்பே..."ன்னாங்க. நான் மூணு தடவ தாண்டிப் போன வேலிக்காத்தான் புதர்ல இருந்து வெள்ளச்சி எழுந்து வந்துச்சு. வந்து என் முட்டியில ஒரசிச்சு. அப்போ கத்துச்சு பாருங்க, பெட்டி.

"அதான் கண்ணு முன்னாடி நிக்குதே. இப்போ இன்னாத்துக்கு அது கத்துது?"

வூட்டுக்கு வந்து, ஆபீஸ் சீனியருக்கு போர்டு படம் அனுப்பினேன். உடனே கூப்ட்டாரு.

"ஆன்டெனாவுக்கு அடியில எதுக்கும்மா ஃபுல்லா காப்பர் ரொப்பி வெச்சிருக்க?"

"காலியா இருந்துச்சு சார். பாக்க நல்லால்லன்னு..."

"அங்க காலியாதான் வுடணும். காப்பர் இருந்தா சிக்னல் நாலடி கூடத் தாண்டாது."

"சார் இன்னா சொன்னாரு?"ன்னு அம்மா.

"நெறைய காப்பர் போட்டுட்டனாம்."

"நல்ல பொருளு தானே"ன்னு எனக்காகப் பேசினாங்க.

புது போர்டு வர வரைக்கும் வெள்ளச்சி கழுத்துல அம்மா ஒரு மணிய கட்டி வெச்சிருக்காங்க. அதோட லேஅவுட்ல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல.