எதிர்க் கம்பெனி மருந்தை வாயில் வைக்காத அக்காவுக்கு

அன்பும் மரியாதையும், அவற்றைவிடக் கூடுதலாகக் கோபமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமில்லை என்பது, மாமா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குசுகுசுவென்று போனில் சொன்னதிலிருந்து தெரியும். ஆகவே உன் நலத்தை விசாரித்து இரண்டு வரியை வீணாக்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை எடுத்து வாயில் வை. அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

போன விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டோமா, படுத்தோமா என்று இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியை முந்திக்கொண்டு மூச்சிழுப்பு மருந்தைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்ட எதிர்க் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் புலம்பினேன். நீ பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாய். ஊரில் மற்ற அக்காக்கள் இந்த மாதிரிப் புலம்பலை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்கள். நீ சபதம் எடுத்துக்கொண்டாய். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் அதே கம்பெனியுடையது என்று மருந்துக்கடையில் அட்டையைப் படித்துத் தெரிந்துகொண்டதும், "என் தம்பி வாயில மண்ணைப் போட்டவன் மருந்தை நான் என் வாயில போட்டுக்கணுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாயாமே! அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? சரி, அவரோடு விட்டாயா? அடுத்த முறை டாக்டர், "மருந்து ஒழுங்கா எடுத்துக்கறீங்களா?" என்றதற்கு, "என் தம்பியே மருந்து பண்ணிக்கிட்டிருக்கான் டாக்டர், ஆனதும் அதையே போட்டுக்கறேன்" என்றாய். "எப்போ ஆகும்?" என்று அவரும் கேட்டுத் தொலைத்தார். "இன்னும் ஒரு கொதிதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

அக்கா, இது கொதிக்கிற சமாச்சாரமே இல்லை. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் சுவரில் ஏற்பிகள் என்று சில உண்டு. பேருந்தில் இருக்கை மாதிரி என்று வைத்துக்கொள். தூசியையோ புகையையோ கண்டு உடம்பு மிரண்டால் உள்ளேயிருந்து ஒரு ரசாயனம் கிளம்பி வந்து அந்த இருக்கையில் உட்காரும். உட்கார்ந்ததும் குழாய் வீங்கும், சுருங்கும், சளி சேரும், உன் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். நீ பேருந்தில் ஏறினால், பின்னால் வருகிற மாமாவுக்காகப் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டு, நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாயே, அந்தப் பைதான் எங்கள் மருந்து. தானும் ஒன்றும் செய்யாது, வருகிறவனையும் உட்கார விடாது. இதை நான் மூச்சுப்பிடித்துச் சொல்லி முடித்ததும் நீ என்ன கேட்டாய்? "ஒரு பையை வைக்கிறதுக்கா இத்தனை வருஷம் சம்பளம் குடுக்கறாங்க?"

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. எங்கள் முதல் மாத்திரை அடுத்த நிறுத்தத்திலேயே இருக்கையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. இரண்டாவதைக் கல்லீரல், கண்டிப்பான நடத்துநர் மாதிரி, ஏறிய கையோடு இறக்கிவிட்டது. மூன்றாவது நன்றாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கை உட்பட வண்டியில் எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் உட்கார்ந்தது. விளைவு, மருந்து கொடுத்த கினிப்பன்றிகள் எல்லாம் மூளை மந்தித்துத் தூங்கிப் போயின. மூச்சிழுப்பு மருந்து கொடுத்தால் தூக்கம் வருகிறதென்றால் அது தோல்வி, அக்கா. நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வாரம் பார்த்துத்தானா ஆய்வுக்கூடத்தைக் குடும்பத்தினர் வந்து பார்க்கும் நாள் வரவேண்டும்? நீயும் மாமாவும் வந்தீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள். பக்கத்தில் எங்கள் இயக்குநர், வெளியிலிருந்து வந்த நாலு பெரிய மனிதர்கள். அத்தனை பேர் முன்னால், "அடேயப்பா, என்னமா தூங்குதுங்க! இவருக்குத் தூக்கமே வரமாட்டேங்குது, இதுல ரெண்டு மாத்திரை குடேன்டா" என்று மாமாவைப் பிடித்து முன்னால் தள்ளினாய். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு கையை வேறு நீட்டினார். என் மானம் கப்பலேறியது.

அதோடு போயிற்றா? போகவில்லை. என் கைபேசியை நான் எடுக்கவில்லை என்று அலுவலகத்தின் பொது எண்ணுக்கே போன் போட்டாய். வரவேற்பில் இருக்கும் பெண் புதிது. "அவசரமா?" என்று கேட்டிருக்கிறாள். "மூச்சு விஷயம்" என்று நீ சொல்லியிருக்கிறாய். அவள் பதறிப்போய், நாங்கள் எல்லோரும் கூடியிருந்த அறைக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டாள். மேஜை நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியில், "டேய், மருந்தை இறக்கியாச்சா?" என்று உன் குரல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இயக்குநர் நல்லவர், அதுதான் என் கஷ்டகாலம். "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும்மா" என்று பதில் சொன்னார். "ஆள் பத்தலைன்னா சொல்லுங்க சார், எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிச் சும்மாத்தான் இருக்கார், கிண்டிக் குடுப்பார்" என்றாய் நீ. அன்றிலிருந்து அவர் காலையில் என்னைப் பார்த்தால் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. "அக்கா என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்கிறார்.

இப்போது நாலாவது மாத்திரையில் இருக்கிறோம். இது நன்றாக இருக்கிறது, வாயை வைக்காதே. கினிப்பன்றிகள் விழித்திருக்கின்றன, ஓடுகின்றன, மூச்சும் சீராக விடுகின்றன. ஆனால் இது மனிதர் வாய்க்கு வர இன்னும் எத்தனையோ சோதனை இருக்கிறது. முதலில் நோயில்லாதவர்களிடம், அப்புறம் கொஞ்சம் நோயாளிகளிடம், அப்புறம் நிறைய நோயாளிகளிடம். அந்தச் சோதனையில் என்னைச் சேர்த்துவிடு என்கிறாய். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரைதான் கிடைக்கும், யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது என்றேன். "மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கட்டும், நம்ம குடும்பத்துக்கு மட்டும் நல்லதா பார்த்து எடுத்து வைடா" என்கிறாய். நான் என்ன கடையில் கத்தரிக்காயா பொறுக்குகிறேன்?

நீ ஒருத்தி கெட்டது போதாதென்று கீழ் வீட்டுத் தையல்காரரையும் கெடுத்துவைத்திருக்கிறாய். அவருக்கும் இழுப்பு. அவரும் இன்ஹேலரை மூட்டைகட்டி வைத்துவிட்டு உன் தம்பி மருந்துக்காகக் காத்திருக்கிறாராம். ஆரஞ்சு வாசனையில் வருமா என்று கேட்டனுப்புகிறார். வராது என்று சொல்.

இத்தனையையும் சிரித்துத் தள்ளியிருப்பேன். மாமா சொன்னதைத்தான் சிரிக்க முடியவில்லை. போன வாரம் காய்கறிப் பையோடு மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாயாம். உதடு நீலம் பாரித்துவிட்டதாம். அந்தத் தையல்காரர்தான், அவரே மூச்சு வாங்கிக்கொண்டு, உன்னைத் தாங்கி மேலே கொண்டுவந்து விட்டாராம். கேட்டவர்களிடமெல்லாம், "படி குளுகுளுன்னு இருந்துச்சு, சித்த உட்கார்ந்தேன்" என்று சாதித்தாயாம். யாரை ஏமாற்றுகிறாய்? நான் தினமும் மூச்சுக்குழாய்களைப் பார்க்கிறவன். அது எப்படிச் சுருங்கும், சுருங்கினால் என்ன ஆகும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிவதால்தான் பயமாக இருக்கிறது, அக்கா. அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை "டேய்" என்று கூப்பிட இருப்பது நீ ஒருத்திதான்.

ஆகவே என் கையால், என் பேனாவால், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதித் தருகிறேன்: எதிர்க் கம்பெனியின் இன்ஹேலர் நல்ல மருந்து. மிக நல்ல மருந்து. உன் இருக்கையில் இப்போதைக்கு அவன் பையே இருக்கட்டும். மருந்துக்கு ரோஷம் பார்க்கிறவரைப் போல முட்டாள் உலகத்தில் கிடையாது. படித்த நானே சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் செய்த மருந்து என்றைக்கு வந்தாலும் அதை வாங்கிப் போட்டுக்கொள்ள நீ உயிரோடு இருக்கவேண்டும். அதற்காகவாவது இதை எடுத்துக்கொள்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும், குளியலறையில் போன் பேசும்போது தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொள்ளும்படியும் சொல்லவும். தையல்காரருக்கு என் நன்றியும் கண்டிப்பும். உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், அதைச் சத்தமாகச் சொல்ல உனக்கு மூச்சும் வேண்டும்.

இப்படிக்கு,
உன்னால் தலையைப் பிய்த்துக்கொள்ளும்
தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இதை நான் எழுதறேன், உங்க தம்பி பெண்டாட்டி. நேத்து இந்தக் கடிதத்தைத் தபால்ல சேர்க்கச் சொல்லி என்கிட்ட குடுத்தார். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன், படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். அண்ணி, இவருக்கும் இழுப்பு. அந்தக் கினிப்பன்றி ரோமம் ஒத்துக்கலை, வருஷக்கணக்கா அதுங்க கூடவே இருந்து வந்தது. ஆபீஸ்ல தெரிஞ்சா அந்த அறைக்குள்ள விடமாட்டாங்கன்னு அங்கே மூச்சு விடலை. எங்க டாக்டரும் அதே இன்ஹேலரைத்தான் எழுதிக் குடுத்தார். பிரிக்காம மேஜை டிராயர்ல கிடந்துச்சு. கேட்டா, "என் மருந்து வரட்டும்"னார். போன்லயே திட்டாம ஏன் இவ்வளவு நீளமா எழுதறார்னு நினைச்சிருப்பீங்க. சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேச முடியலை அண்ணி, நீங்க கேட்டாக் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு பயம்.

கெஞ்சினேன், அழுதேன், சமைக்கமாட்டேன்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். அசையலை. இன்னிக்குக் காலையில வேற வழி தெரியாம, "அண்ணி இன்ஹேலர் எடுத்துக்க ஆரம்பிச்சுட்டாங்களாம், அவங்க வீட்டு அண்ணன் போன்ல சொன்னார்"னு சொல்லிட்டேன். "நிஜமாவா? அக்காவா?"ன்னு என் முகத்தையே பார்த்தார். கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் டிராயரைத் திறந்து டப்பாவைப் பிரிச்சு, எப்படி இழுக்கணும்னு எனக்கு ஒரு பாடம் நடத்திட்டு, இழுத்தார். "அப்போ அந்தக் கடிதம் எதுக்கு, கிழிச்சுப் போட்டுடு"ன்னார். நான் கிழிக்கலை.

ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் போன் பண்ணுவார். முதல்ல இதைத்தான் கேட்பார். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க தம்பிகிட்ட நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அண்ணி. இதையும் அதுக்குள்ள நீங்க நிஜமாக்கிடுங்க.