முர்டோவின் கடைசி மலை

முர்டோ மக்கிரே சபதம் எடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேல் தலை நீட்டுகிற இருநூற்று எண்பத்திரண்டு மலைகளிலும் ஏறிவிடுவது. கிளென்டாரா கிராமத்தில் முதல் ஆளாக ஏறி முடிப்பது. இருநூற்று எண்பத்தொன்று ஆகிவிட்டது. பாக்கி பென் லியாரக் மட்டும்.

கடைசி மலைக்கு வேண்டியவர்களைக் கூட்டிப்போய் உச்சியில் விஸ்கி ஊற்றுவது வழக்கம். முர்டோ பெரிய மனது பண்ணி மனைவி ஈஷ்பலைக் கூப்பிட்டார். பாவம், இத்தனை வருஷமும் அடிவாரத்தில் காருக்குள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவள். ஒரு மலையையாவது பார்க்கட்டும்.

"மெதுவா வா ஈஷ்பல். மூச்சு வாங்கினா சொல்லு, நிக்கலாம்."

"சரிய்யா. இப்ப யாருக்கு வாங்குது?"

வாங்கியது முர்டோவுக்குத்தான். எதிர்க்காற்றைத் திட்டிக்கொண்டே ஏறினார். மேலே போகப்போகப் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. கடைசியில், உச்சிக்கு அடையாளமாக வைக்கிற கற்குவியல் ஒன்று தட்டுப்பட்டதும், விஸ்கி பாட்டிலைத் திறந்து மலையே அதிரக் கத்தினார்.

"முடிச்சிட்டேன்! கிளாஸை எடு!"

"பாட்டிலை மூடு முர்டோ. இது உச்சி இல்ல."

"கல்லு குவிச்சிருக்கே, கண்ணு தெரியலயா?"

"கல்லை எவன் வேணா எங்க வேணா குவிப்பான். நிஜ உச்சி கிழக்க கால் மைல். இதைவிடப் பத்தடி உசரம்."

பின்னல் பையிலிருந்து ஈஷ்பல் வரைபடத்தையும் திசைகாட்டியையும் எடுத்தாள். சூப் கரண்டியைப் பிடிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பிடித்திருந்தாள். முர்டோ பாட்டிலை மூடினார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை சர்ச்சுல பொம்பளைங்க கூட்டமாச்சே?"

"ஆமா. மலை மேலதான் கூடுவோம். பாதிரியார் சம்சாரம் முன்னாடி போவா, நாங்க பின்னாடி போவோம்."

"இதுவரைக்கும் எத்தனை?"

"இருநூத்தி எண்பத்தொண்ணு."

முர்டோ அந்தப் பொய்க் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இதை மட்டும் ஏன் விட்டே?"

"உன்கூட ஏறத்தான்ய்யா. போன வருஷமே முடிச்சிருப்பேன். உன் பதினெட்டு வருஷ ஆசைல மண்ணைப் போடுவேனா?"

முர்டோ உருகிப்போனார். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தார். கல்யாணமான புதிதில் நடந்ததுபோல, இருவரும் கைகோத்து நடந்தார்கள். இருபதடி தூரத்தில் நிஜ உச்சி தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கையை விட்டுவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. உச்சிக் கல்லின் மேலிருந்து குரல் வந்தது.

"மனசு கேக்கலய்யா, முர்டோ! வா வா, ரெண்டாவதா வர்றவங்களுக்கும் ஒரு மடக்கு உண்டு!"