லோரிக் கதவில் குடியிருந்த சனி

எண்ணருள் சுவாமி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிக்கு எழுந்தருளியிருந்தார். இமயமலையிலிருந்து வந்தவர் என்றது நோட்டீஸ். பக்கத்து ஊரான சுங்கை பூலோவிலிருந்து வந்தவர் என்றார் கீழே தேநீர் ஆற்றுகிறவர். நோட்டீஸ் வண்ணத்தில் இருந்தது. கூட்டம் அதைத்தான் நம்பியது.

கிளினிக்கில் பத்து நிமிடம் காக்க வைத்தால் சண்டைக்குப் போகிறவர்கள், இங்கே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் படிக்கட்டில் நின்றார்கள். சாமி கண்டுபிடிக்கும் நோய் எல்லோருக்கும் ஒன்றுதான்: கைப்பேசி எண் சரியில்லை. மருந்தும் ஒன்றுதான்: தட்டில் திருநீற்றுக்கு நடுவே படுத்திருக்கும் சிம் பாக்கெட். கடையில் பத்து வெள்ளி, அதாவது ரிங்கிட்; இங்கே அறுநூற்று எண்பது. திருநீறு இலவசம்.

அன்று வரிசையில் கிள்ளான் பக்கிரிசாமியும் நின்றார். வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்கும் லோரிக்காரர். பதினெட்டு வருடமாக அவர் லோரியின் இரண்டு கதவிலும் ஒரே எண். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால்தான் வீட்டில் உலை. போன மாதம் கியர்பாக்ஸ் இரண்டு முறை போனது. லோரிக்கு இருபத்தாறு வயது என்பதை மறந்துவிட்டு, மனைவி தனலெட்சுமி எண்ணின் மேல் சந்தேகப்பட்டார்.

"நம்பரை மாத்தினா பழைய ஆளுங்க எப்படிம்மா கூப்பிடுவாங்க?" என்றார் பக்கிரிசாமி.

"உசிரு முக்கியமா, ஆளுங்க முக்கியமா? சும்மா வாங்க!"

பக்கத்து வீட்டுத் தாமரையும் கூட வந்திருந்தாள். கிள்ளானில் கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவள்.

சாமி பக்கிரிசாமியின் எண்ணை எழுதி, சைபர் ஒன்று ஆறில் தொடங்கிக் கூட்டினார். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு. பேனா கை நழுவி விழுந்தது. அது தினமும் முப்பது தடவை விழுகிற பேனா.

"எட்டு! சனி! அவனை லோரிக் கதவுல உக்கார வெச்சு ஊரெல்லாம் சுத்துறியேப்பா!"

தனலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"உனக்குன்னே பிறந்த நம்பர். கூட்டினா இருபத்தெட்டு. ரெண்டும் எட்டும் பத்து. ஒண்ணு! சூரியன்! ராஜா!"

பக்கிரிசாமி பைக்குள் கையை விட்டார். அதற்குள் தாமரை பாக்கெட்டின் முதுகைப் படித்து, ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி நீட்டினாள்.

"சாமி, இது என் தம்பி நம்பர். நேத்து மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்துட்டான். கொஞ்சம் பாருங்களேன்."

விழுந்தான் என்றதும் சாமிக்கு உற்சாகம். சைபர் ஒன்று ஆறிலிருந்து கூட்டினார். முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. பேனா விழுந்தது.

"சனியேதான்! இன்னிக்கே தூக்கிப் போடச் சொல்லு!"

"போட்டுடலாம் சாமி. உங்க கையிலதான் இருக்கு. அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க."

சாமி திருப்பினார். அதே எண்.

"விக்கிற நம்பருக்கு... முன்னாடி வர்ற மூணு எண்ணையும் கூட்டக் கூடாதும்மா. சாஸ்திரம்."

"அப்ப அங்கிள் நம்பருக்கு ஏன் கூட்டினீங்க? சைபர் ஒண்ணு ஆறு, மொத்தம் ஏழு. நாப்பத்து நாலுல அந்த ஏழு போனா முப்பத்தேழு. மூணும் ஏழும் பத்து. ஒண்ணு! அவரும் ராஜாதானே?"

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வருதும்மா? கிரகத்துலேருந்தா?"

"இல்ல அண்ணே. அரசாங்க ஆணையம் கம்பெனிக்கு நம்பரை லட்சக்கணக்குல வரிசை வரிசையாப் பிரிச்சிக் கொடுக்குது. கம்பெனி பாக்கெட்ல போட்டு அனுப்புது. எங்க கடையில பிஸ்கட் பெட்டி கணக்கா வந்து இறங்குது. ஒருத்தர் விட்டுட்டுப் போன நம்பரைக் கொஞ்ச மாசம் தூங்க விட்டு, மறுபடி இன்னொருத்தருக்குக் கொடுப்பாங்க. இவருக்குன்னே பிறந்த நம்பர், போன வருஷம் யாரு பாக்கெட்டுல இருந்துச்சோ!"

யாரோ சிரித்தார்கள். அடுத்து, "என் காசைக் கொடு லா!" என்று ஒரு ஆன்டி முன்னால் பாய்ந்தார். சாமி பூசைக்கு நேரமாகிவிட்டது என்று பின்கதவைத் தேடினார். மாடிக்குப் பின்கதவு இல்லை. இமயமலையிலிருந்து பார்த்தபோது அது தெரியவில்லை போலும்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கிரிசாமியின் கைப்பேசி அடித்தது.

"பாஸ், லோரி வருமா? பிரிக்பீல்ட்ஸ்லேருந்து செராஸுக்கு ஆபீஸ் மாத்தணும். மேசை, நாப்பது நாற்காலி, ஒரு பெரிய பேர்ப் பலகை."

குரல் தெரிந்த குரல்.

"சாமிங்களா? நம்பர் எப்படிக் கிடைச்சது?"

"அன்னிக்கு இறங்கி ஓடும்போது கீழே நின்ன உங்க லோரிக் கதவுல பார்த்தேன் லா."

"அதுல சனி இருக்கானே, பரவாயில்லையா?"

"வேற லோரி எதுவும் கிடைக்கல, பாஸ்."

"மேசையும் நாற்காலியும் ஏத்துறேன் சாமி. இமயமலைன்னு எழுதின பலகையை ஏத்த மாட்டேன். பீரோ தூக்கிப் பழகின முதுகுதான், ஆனா அவ்வளவு பெரிய பொய்யைத் தாங்காது."

பலகையைச் சாமி டாக்சியில் கொண்டுபோனார். அடுத்த சனிக்கிழமை செராஸில் படிக்கட்டு நிறைந்திருந்தது. உங்களைக் கவிழ்க்க அந்தச் சாமி இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறார். செருப்பைக் கழற்றும் முன் நீங்கள் ஒரு விதமாகவாவது போட்டுப் பார்க்கக் கூடாதா?