வெள்ளைப் படகுக்கு வாழைக்குற்றி

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்ட முடியாத வருத்தம். ஏதாவதொரு வேலையைப் பற்றிக் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்து முடித்தால் போதும், பரம்பரை பரம்பரையாக அந்த வேலையிலேயே ஊறியவள் போல எனக்குக் கை துருதுருக்கத் தொடங்கிவிடும். தேன்பெட்டி வைத்தேன் (தேனீக்கள் அடுத்த வளவுக்குக் குடிபெயர்ந்தன). அம்மாவின் கிரைண்டரைக் கழற்றிப் பூட்டினேன் (பூட்டிய பிறகு சில ஆணிகள் மிஞ்சிவிட்டன; இனி எல்லாம் கடவுள் கையில் என்று அம்மா அவற்றைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்). இதெல்லாம் எங்கள் ஊர் நீர்வேலி எல்லைக்குள் முடிந்துபோன சங்கதி. குருநகர்க் கடற்கரையில் நான் செய்ததுதான் எல்லை தாண்டிய சங்கதி.

அப்போது நான் கம்பஸ் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதை விட, எல்லோருக்கும் இடைஞ்சலாக நடந்து திரிந்தேன் என்பதே பொருத்தம்.

என் அக்கா காதலித்துக் கலியாணம் கட்டியது குருநகரில். றெஜி அத்தான் வீட்டார் கடல்தொழில் செய்கிற வேதக்காரர். நாங்கள் வாழைத்தோட்டத்துச் சைவக்காரர். அப்பா கலியாண எழுத்துக்கு வந்தார், கையெழுத்து வைத்தார், தேத்தண்ணி குடிக்காமல் திரும்பினார். அதோடு அப்பாவுக்கும் அத்தானின் தகப்பனாருக்கும் இடையில் பேச்சில்லை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் சண்டை பிடித்திருந்தாலாவது யாராவது போய்ச் சமாதானம் செய்து வைத்திருக்கலாம். சண்டையும் இல்லை. யார் முதலில் வாய் திறப்பது என்பது மட்டும்தான் பிரச்சினை. இருவருமே வாய் திறக்கிற ஆட்கள் இல்லை.

இப்படியிருக்க, அந்த வருஷம் கோயில் பெருநாளில் அந்தோனியார் சொரூபத்தைக் கடலில் சுற்றிக்கொண்டு வரும் பேறு மாமாவின் படகுக்குக் கிடைத்தது. மாமா படகுக்கு வெள்ளை வெளேரென்று புதுப் பெயின்ற் அடித்தார். அக்கா அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து, வரச்சொல்லிக் கேட்டார்.

"பாப்பம்" என்றார் அப்பா.

அப்பாவிடம் பாப்பம் என்றால் வருவார். "ஓம், கட்டாயம் வாறன்" என்றால்தான் வரமாட்டார். அக்காவுக்கு இது தெரியும். உடனே எனக்கு அழைப்பு வந்தது.

"தர்சி, அப்பா வாறாரடி. ஒரு குறையும் இல்லாமல் நடக்கவேணும். நடந்திட்டா ரெண்டு பேரும் கதைச்சிடுவினம்."

ஒரு குறையும் இல்லாமல் நடத்துவதற்கு இந்தக் குடும்பத்தில் படித்த ஆள் நான்தானே? பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். (யாரும் தரவில்லை. இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.)

பிரச்சினை இதுதான். வழமையில் படகுகள் கரையிலிருந்து தள்ளி நங்கூரத்தில் நிற்கும். ஆனால் விடியவே சோடனை தொடங்குவதற்காக, பெருநாளுக்கு முதல் நாளே படகை இறங்குதுறையில் கட்டவேண்டும். சோழகக் காற்றுக் காலம். அலை படகைத் தூக்கித் தூக்கிச் சீமெந்துச் சுவரில் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் துறையில் பழைய ரயர்கள் தொங்குகின்றன. ஆனால் ரயர் உரசினால் வெள்ளைப் பெயின்றில் கறுப்புக் கோடு விழும். ரயரைக் கழற்றினால் சீமெந்து சுரண்டும்.

வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுப் பணக்காரரின் படகுகளுக்கும் சுவருக்கும் இடையில், காற்றடைத்த நீளமான வெள்ளை உருளைகள் வரிசையாகத் தொங்கின. உருண்டையாக இருக்கவேண்டும், மெத்தென்று இருக்கவேண்டும், மிதக்கவேண்டும். சரி, இதற்கு நான் எங்கே போவது என்று தலையை நிமிர்த்தினேன். யன்னலுக்கு வெளியே, குலை வெட்டிய வாழைகளை அப்பா தறித்து விழுத்திக்கொண்டிருந்தார்.

உருண்டை. மெத்து. மிதப்பு. எனக்குப் புல்லரித்தது.

தறித்த வாழைமரங்களை அளவான குற்றிகளாகத் துண்டு போட்டு ஓட்டோவில் ஏற்றினேன். பாதி உள்ளே, பாதி வெளியே. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"ஆருக்குக் கலியாணம் தங்கச்சி?"

"கலியாணம் இல்லை அண்ணை. படகுக்கு."

அதற்குப் பிறகு குருநகர் வரும்வரை அவர் றோட்டை விடக் கண்ணாடியில் என்னைத்தான் கூடப் பார்த்தார்.

மாமா கோயில் வேலையில் நின்றார். துறையில் அத்தான் மட்டும்தான். நான் குற்றிகளை இறக்குவதைப் பார்த்து மெதுவாகக் கிட்ட வந்தார்.

"மச்சாள், உது என்னத்துக்கு?"

"படகுக்கும் ஜெற்றிக்கும் இடையிலை தொங்க விடுறதுக்கு அத்தான். ரயரை எல்லாம் கழட்டுங்கோ."

"எங்கடை அப்பா சொன்னவர், சாக்குக்குள்ளை பழைய வலையை அடைஞ்சு கட்டுவமெண்டு…"

"வலை சப்பளிஞ்சு போகும். இது அமத்த அமத்த அமுங்கிக் குடுக்கும். நான் படிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்."

அத்தான் குற்றியை விரலால் அமத்திப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு, வாழைத்தோட்டத்து வீட்டில் பெண் எடுத்தவன் வாழையைப் பற்றி வாய் காட்டக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, வாழைக்காரர் சொன்னாச் சரிதானே" என்றார்.

கட்டினோம். படகின் விலாவில் குற்றிகள் வரிசையாகத் தொங்கின. அலை வந்து தூக்கி அடித்தது. இடி விழவேண்டிய இடத்தில் 'பொசுக்' என்று ஒரு சத்தம் மட்டும். கீறலே இல்லை! ஒவ்வொரு அடிக்கும் குற்றியிலிருந்து சாறு பிழிந்து வடிந்தது. "பாத்தீங்களோ அத்தான், அடியை எல்லாம் அது வாங்குது" என்று அதையும் பெருமையோடு காட்டினேன்.

துறையால் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை, படகு பெரியபிள்ளையாகிட்டுதோ? சாமத்தியச் சடங்கோ?" என்றார் மீன்கூடையோடு போன ஒரு மாமி. கூட வந்தவர், "மணவறை எப்ப வரும்?" என்றார். நான் சிரிக்கவில்லை. புதுமை செய்கிறவர்களை உலகம் இப்படித்தான் நடத்தும் என்று எங்கோ வாசித்திருந்தேன்.

அப்போதுதான் ஆடுகள் வந்தன. குருநகர் ஆடுகளுக்கு வாழைக்குற்றி கடற்கரை தேடிவந்த விருந்து. ஒன்று துறையில் முழங்காலிட்டுக் கழுத்தை நீட்டிக் கடித்தது. நான் துடுப்போடு பாய்ந்தேன். அந்தப் பக்கம் விரட்டினால் இந்தப் பக்கம் வந்தன. படகைக் காக்கக் குற்றி, குற்றியைக் காக்க நான். ஒரு பின்னேரம் முழுக்க யுத்தம். பொழுதுபட்டு, கடைசி ஆடு தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் நானும் அக்கா வீட்டுக்குப் போனேன். குற்றிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், படகை ஒருதரம்கூட வடிவாகப் பார்க்கவில்லை.

விடிய எழும்பி வந்து, சோடனைக்காரர் வருவதற்கு முதல் குற்றிகளை அவிழ்த்தோம்.

வெள்ளைப் படகின் விலா முழுக்க மண்ணிறத்தில் ஒழுகல்கள். குற்றி அமுங்கிய இடமெல்லாம் தட்டுத் தட்டாகப் படை. யாரோ ஒரு அண்டா சாயத்தண்ணியை எட்ட நின்று வீசி அடித்தது போல இருந்தது.

வாழைக்கயர்.

நீர்வேலியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், வாழைச்சாறு பட்டால் கயர்க்கறை பிடிக்கும், கயர் பிடித்தால் போகாது என்று. வெள்ளைச் சட்டையோடு தோட்டத்துப் பக்கம் போனால் அம்மா அகப்பைக்காம்போடு வருவார். தோட்டத்துக்கென்றே எங்கள் வீட்டில் கயர்ச்சட்டை என்று தனியாக ஒன்று கொடியில் தொங்கும். முதல் நாள் குற்றி கட்டும்போது நான் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன்! என் நல்ல சட்டைக்குக் கயர் படக்கூடாது என்று அவ்வளவு கவனமாக உடுத்துக்கொண்டு போய், புதுப் பெயின்ற் அடித்த படகைக் கயரில் குளிப்பாட்டியிருக்கிறேன். பட்டம் தந்தவர்கள் இதை அறிந்தால் திருப்பிக் கேட்பார்கள்.

"மச்சாள்," என்றார் அத்தான், மிகவும் மரியாதையாக, "உது காஞ்சாப் போகுமோ?"

"காஞ்சா இன்னும் வடிவாத் தெரியும் அத்தான்."

அதற்காக விட்டுவிடுவேனா? சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன். தின்னர் ஊற்றித் தேய்த்தேன். பெயின்ற் வந்தது, கயர் வரவில்லை. கோயில் மணி அடித்தது. பூசை தொடங்கிவிட்டது. சோடனைக்காரரிடம் மிஞ்சிய வெள்ளைத் துணியைப் பறித்து, படகின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் பாவாடை மாதிரித் தொங்கவிட்டேன். உண்மையிலேயே வடிவாக இருந்தது.

"கீழ்ப்பக்கம் கட்டேல்லையே?" என்றார் அத்தான்.

"நனைஞ்சாத் தானா ஒட்டும்" என்றேன். (அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன். வேண்டாம், விடுங்கள்.)

பூசை முடிந்து சனம் துறைக்கு வந்தது. அப்பாவும் வந்துவிட்டார். மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய கப்பல் வாழைப்பழக்குலை. அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். இரண்டு எட்டுத் தள்ளி மாமா.

"பிள்ளை, கொப்பாவைக் கதிரையிலை இருக்கச் சொல்லு" என்றார் மாமா அக்காவிடம்.

"பரவாயில்லை எண்டு சொல்லு" என்றார் அப்பா அக்காவிடம்.

நடுவில் நின்று அக்கா தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கைகளைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

சொரூபம் ஏறியது. பாண்ட் வாத்தியம் முழங்கியது. அத்தான் ஓட்ட, படகு புறப்பட்டு, சனத்துக்கு விலாவைக் காட்டி மெதுவாகத் திரும்பியது. சோழகம் துணிக்கு அடியில் புகுந்து ஒரே தூக்கு. பாவாடை மேலே போய்ச் சோடனை மின்குமிழ்களில் மாட்டிக்கொண்டது. கயர் முழுவதும் காலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

கும்பிட்ட கைகள் எல்லாம் பாதியில் நின்றன. பாண்ட்காரர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தோனியாரே!" மாமா நெஞ்சில் கை வைத்தார். "படகு கொப்புளிச்சுக் கிடக்கே, அம்மாள் வருத்தமோ?"

"அம்மாள் இல்லை," என்றது ஒரு குரல். "வாழைக்கயர்."

சொன்னது அப்பா. அக்காவிடம் அல்ல. நேரே மாமாவிடம்.

மாமா திரும்பினார். "கடலுக்குள்ளை எங்காலை வாழை?"

அப்பா என்னைப் பார்த்தார். "கையைக் காட்டு."

காட்டினேன். இரண்டு கையும் கறுத்துப்போயிருந்தன. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மாமாவிடம் கிட்டப் போனார்.

"எங்கடை தோட்டத்துக் குற்றி. எங்கடை பிள்ளை. பிழை எங்கடை பக்கம். குறை நினைக்கக்கூடாது."

அப்பா யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா படகைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"உங்கடை பக்கம் எண்டு சொல்லாதேங்கோ. என்ரை பெடியனும் பக்கத்திலை நிண்டுதானே கட்டியிருப்பான்? நான் வலையை அடைஞ்சு கட்டடா எண்டனான்."

"வலைதான் சரி," என்றார் அப்பா. "ஆரும் வாழைக்குற்றி கட்டுவினமோ, கண்டறியாத படிப்பு."

"ஆனா மாமா, ஒரு கீறல்கூட…" என்று நான் தொடங்கினேன்.

"வாயை மூடு!" என்றார்கள் இருவரும். ஒரே குரலில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. அப்பா தேனீக்கதையைச் சொன்னார். "அடுத்த வளவுக்கோ?" என்று மாமா கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்து கிரைண்டருக்குப் போனார். மாமா ஆடுகளின் கதையைச் சொன்னார் (அதற்குள் சனத்தில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்). சொரூபம் சுற்றி வந்து கரை சேரும்வரை என் மூளை பிறந்த நாளிலிருந்து பழுதுபட்ட வரலாறு முழுவதையும் இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து மேய்ந்தார்கள். அப்பா தேத்தண்ணி குடித்தார். இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். மொழிபெயர்க்கும் வேலை போய்விட்ட அக்கா, தூணோடு சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

மாமா படகுக்கு மேலால் பெயின்ற் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் கயர் மெல்லிய மண்ணிறத்தில் ஊறி வெளியே வந்தது. திரும்ப அடித்தார், திரும்ப வந்தது. "கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டார். குருநகருக்கு வந்தால் அப்பா வீட்டுக்குள் போவதற்கு முதல் துறைக்குப் போய், "இன்னும் இருக்கோ?" என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். இரண்டு பேருக்கும் கதைக்க விஷயம் தீர்ந்துபோனால் என் கதையைத் தொடுவார்கள். என்னை ஏசுவதில் இரண்டு சமயமும் ஒன்று.

கீறல் விழவில்லை என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

போன கிழமை, குருநகருக்கு வருகிறேன் என்று அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அக்கா வீட்டுக்குப் போகிறோமே, ஏதாவது வாங்கிக்கொண்டு போகவேண்டாமா? என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாமா கைப்பேசியைப் பறித்துவிட்டார். பின்னால் அப்பாவின் சிரிப்பும் கேட்டது.

"வா பிள்ளை, வா. வெறுங்கையோடைதானே வாறாய்?"