காலமாகிவிட்ட வேதாசலத்தின் ஓய்வூதியம்

ஒரு காட்டில், அடுத்த வருடம் புருஷனை வீட்டில் உட்காரவைத்துவிடலாம் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்த பெண் கழுதை ஒன்று இருந்தது. பெயர் ராஜகாந்தம்.

புருஷன் வேதாசலம் அரசாங்க உப்புக் கிடங்கில் பொதி சுமந்தது. கழுதைகளுக்குப் பதினெட்டு வயதில் ஓய்வு, அதன்பின் தினம் இரண்டு கட்டுப் புல் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். வேதாசலத்துக்குப் பதினேழரை ஆனபோது ஓய்வு வயது இருபது ஆனது. பத்தொன்பதே முக்காலில் இருபத்திரண்டு. இருபத்தொன்றரையில் இருபத்துநான்கு. இப்போது வேதாசலத்துக்கு இருபத்துமூன்றே முக்கால். மலை இறக்கத்தில் அது ஒரு பக்கம் போகும், அதன் வலது முட்டி இன்னொரு பக்கம் போகும். இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று ராஜகாந்தத்துக்குத் தெரியும்.

சரி, ஏதாவது சேர்த்துவைத்ததா? எங்கே! போனஸாக வரும் கொள்ளு மூட்டையை ஒரே மூச்சில் தின்றுவிட்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். கேட்டால், "கவர்ன்மென்ட் வேலை, காந்தம். கவர்ன்மென்ட் நம்மைக் கைவிடுமா?" என்று பல்லைக் காட்டும்.

பக்கத்து வீட்டுக் காளை தீர்த்தகிரி அப்படியில்லை. அதற்கும் அதே கிடங்கில்தான் வேலை. தினம் ஒரு வாய் வைக்கோலை மிச்சம் பிடித்துக் கூரை முட்ட அடுக்கியிருந்தது. "அவரைப் பாருங்க" என்று ராஜகாந்தம் சொல்லாத நாளில்லை. வேதாசலமும் அதை நன்றாகப் பார்க்கும். அத்தோடு சரி.

அந்த வாரம் ஓய்வு வயதுக் குழு மறுபடியும் கூடியது. குழுவின் தலைவர் ஆமை. வயது நூற்று நாற்பது.

"இருபத்துநான்கா? அந்த வயதில் எனக்கு ஓடே காயவில்லை. சின்னஞ்சிறுசுகளை வீட்டுக்கு அனுப்பிக் கெடுப்பதா?" என்றது ஆமை. இருபத்தெட்டு என்று உத்தரவு வந்தது.

இருபத்தாறு தாண்டிய கழுதையை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

ராஜகாந்தம் புருஷனைத் தள்ளிக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனது. முட்டியைக் காட்டி முன்கூட்டியே ஓய்வு கேட்பதாகத் திட்டம். காலையில் வரிசையில் நின்றவர்கள் மத்தியானம் ஜன்னலை எட்டினார்கள். உள்ளே குமாஸ்தா குரங்கு நிமிர்ந்து பார்க்காமலே ஒரு மெஷினை நகர்த்தியது.

"முட்டியெல்லாம் அப்புறம். முதல்ல ஆள் உயிரோட இருக்கீங்களான்னு பார்க்கணும். குளம்பை வைங்க."

வைத்தது. சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு இன்னொரு காலை வைத்தது. அதற்கும் சிவப்பு. இருபது வருடம் மலைப்பாறையில் தேய்ந்த குளம்பில் ரேகை எங்கிருந்து வரும்? பின்னங்கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள்.

"நாலும் ஃபெயிலா? போச்சு. காலமானார்னு தானாவே பதிவாயிடுச்சு."

"நான் இங்கதானே சார் நிக்கறேன்!"

"நிக்கறீங்க. நான் மறுக்கலையே. ரெக்கார்டுல இல்லை, அவ்வளவுதான்."

வேதாசலம் கத்துவதற்காக மூச்சை இழுத்தது. ராஜகாந்தம் அதன் காலை ஓங்கி மிதித்தது.

"ஒரு நிமிஷம் சும்மா இருங்க. சார், இவர் காலமானா எனக்கு என்ன வரும்?"

குரங்கு முதல்முறையாக நிமிர்ந்தது. "குடும்ப ஓய்வூதியம். தினம் ஒன்றரைக் கட்டுப் புல். நாளையிலேருந்தே வாங்கிக்கலாம்."

"அதுக்கு எத்தனை வயசு ஆகணும்?"

"சாவுக்கு ஏதும்மா வயசு?"

"ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று ராஜகாந்தம் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. வரிசையில் பின்னால் நின்ற கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேதாசலத்தின் தோளைத் தட்டியது. "மனசைத் தேத்திக்குங்க. ரொம்ப நெருங்கின சொந்தமோ?"

"ரொம்ப" என்று வேதாசலமும் அழுதது.

ராஜகாந்தம் தன் குளம்பை வைத்தது. உடனே பச்சை விளக்கு. வீட்டு வேலையில் எதுவும் தேயாது என்று மெஷினும் நினைக்கிறது போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து வேதாசலம் புங்கமரத்தடியில் காலை நீட்டிப் படுத்தது. வீங்கியிருந்த முட்டி மெல்ல வடிந்தது. கிடங்கிலிருந்து ஆள் தேடி வந்த நரி, பதிவைப் பார்த்து அனுதாபம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

மனசு கேட்காமல் ராஜகாந்தம் தீர்த்தகிரியிடம் போனது. "அண்ணா, உங்க குளம்பும் தேஞ்சுதானே இருக்கு? ஒரு நடை போய் வெச்சுட்டு வந்துடுங்களேன்."

"அபச்சாரம்! நான் நேர்மையா உழைச்சு, முறைப்படி ஓய்வு வாங்கி, அப்புறம்தான் சாவேன். வைக்கோல் வேற இருக்கு, எனக்கென்ன கவலை?"

அவ்வளவு நேர்மை மற்றவர்களுக்கு இல்லை. ஒரே மாதத்தில் பாதிக் காடு அந்த மெஷினில் காலமானது. உப்பு மூட்டை மலையடிவாரத்தில் குவிந்தது. ஆமைக் குழு அவசரமாக, அதாவது மூன்று வாரத்தில், கூடியது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை. இவ்வளவு இளவயதில் சாவதா?" என்றது ஆமை.

உத்தரவு வந்தது. இறப்பு வயது முப்பத்தைந்தாக உயர்த்தப்படுகிறது. அதற்கு முன் சாவது செல்லாது. ஏற்கெனவே இறந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய மூட்டைகளை உயிரோடிருப்பவர்கள் சேர்த்துச் சுமக்க வேண்டும். இறந்தவர்கள் வீட்டுப் புல் செலவுக்காக, வைக்கோல் சேமித்திருப்பவர்களிடமிருந்து பாதி எடுத்துக்கொள்ளப்படும்.

மறுநாள் காலை தீர்த்தகிரி இரண்டு பங்கு உப்போடு நுரை தள்ளிக்கொண்டு மலையேறியது. புங்கமரத்தடியில் புல்லை மென்றுகொண்டிருந்த வேதாசலம் உச்சுக்கொட்டியது.

"பாவம், காந்தம். வருங்காலத்தைப் பத்தி யோசிக்கவே தெரியலை அவருக்கு."

"மெதுவாப் பேசுங்க" என்றது ராஜகாந்தம். "உங்களுக்குக் கருமாதி ஆகி ரெண்டு மாசம்கூட ஆகலை."

நீதி: முதுமைக்குச் சேர்த்துவைக்காவிட்டாலும் பாதகமில்லை, பழைய விதி அமலில் இருக்கும்போதே காலமாகிவிட வேண்டும்.