மாப்பிள்ளை அவித்த ஏலக்காய்

சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். பிறவி வியாதி. அது ஒரு கல்யாணப் பெண்ணின் கழுத்து வரைக்கும் போய்ச் சேரும் என்பது எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழியில்தான் தெரிந்தது.

எனக்கு ஊர் சிலமலை. வெயிலில் வெந்து வளர்ந்த உடம்பு. பெண் எடுத்ததோ போடிமெட்டுக்கும் மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில். கல்யாணமாகி முதல் மார்கழிக்கு மாமனார் கூப்பிட்டாரென்று, மனைவி பார்வதியோடு ஜீப்பில் மலையேறினேன். (ஸ்வெட்டர் கிழவர்கள் போடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வயது அது.)

அங்கே தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. மத்தியானம் வரைக்கும் மூடுபனி வாசலைவிட்டு நகராது. குளித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை, நானாகவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டிலிருந்த மற்றவர்கள் ஏதாவது வேலை பார்த்தே குளிரைச் சமாளித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருந்தது. விறகுக் கட்டையைத் தொட்டால் அத்தை பதறி வாங்கிக்கொள்வார். தண்ணீர் வாளியைத் தொட்டால் கொழுந்தியாள் கனகா பிடுங்கிக்கொள்வாள். புது மாப்பிள்ளையை வேலை வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கே இழுக்காம். நாற்காலியும் கம்பளியும் காப்பியும்தான் எனக்கு. பல் கிட்டித்துப்போய் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"ஏங்க, முட்டைக்கு எடந்தேடுற கோழியாட்டம் எதுக்கு இப்படி அலையுறீங்க? ஒரு எடத்துல உக்காருங்க" என்றாள் பார்வதி. உட்கார்ந்தேன். ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

தை பிறந்ததும் கனகாவுக்குக் கல்யாணம். சொந்தத் தோட்டத்துக் காயில் கோத்த ஏலக்காய் மாலையோடுதான் அந்த வீட்டுப் பெண் மணமேடை ஏறுவாள். காய் பச்சை மாறாமல் இருக்க வேண்டும், அதில்தான் மாமாவின் மானமே இருந்தது. அந்த வருஷத்துக் கடைசிக் காயெடுப்பு அது. பருத்த காயாக மாமா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காய் உலர்த்தும் ஸ்டோரில் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார். அதை விட்டால் செடியில் அடுத்த காய்க்கு ஆடி, ஆவணி ஆகிவிடும்.

ஸ்டோர் என்பது ஒரு சூட்டறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியே அறைக்குள் ஓடிக் காயை உலர்த்தும். அன்று காலை, கல்யாணச் சாமான் வாங்க மாமா போடிக்குக் கிளம்பினார். நான் ஜீப்பை மறித்துக்கொண்டு, அடுப்பையாவது பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று கெஞ்சினேன். அவருக்கு மனசே இல்லை.

"வெறகு மட்டும் தள்ளுங்க மாப்ளே. வேற எதையும் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விறகு தள்ளினேன். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளே நின்று வரலாமென்று ஸ்டோருக்குள் நுழைந்தேன். கூரையடியில் இருந்த சின்ன ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன, ஆவி குபுகுபுவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. (மனுஷன் இங்கே விறைத்துச் சாகிறேன், இவர்கள் மூடுபனியைக் குளிர் காய வைக்கிறார்கள்.) ஏணி வைத்து ஏறி ஒன்று விடாமல் சாத்தினேன். இடுக்குகளில் சாக்கைத் திணித்தேன். அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை கூடுதலாகத் தள்ளிவிட்டு, வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மலையேறிய பிறகு முதல்முறையாக நான் அசையாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் மாமா திரும்பி வந்து ஸ்டோர் கதவைத் திறந்தார். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. ஈரக்காயின் ஆவி வெளியேறினால்தான் பச்சை நிற்கும், அதற்காகத்தான் அந்த ஜன்னல்கள். நான் காயை உலர்த்தவில்லை, அவித்திருந்தேன். பாதி மஞ்சள், மீதி பழுப்பு.

மாமா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? விறகைத் திட்டினார். பனியைத் திட்டினார். பக்கத்தில் சிவனே என்று நின்ற பார்வதியைத் திட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பரவால்ல மாப்ளே. பாயாசத்துக்கு ஆகும்" என்றார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

போடியில் கடைக்காய் வாங்கிக் கோக்கலாம் என்று அத்தை சொன்னார். கனகா ஒரு காயை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

"கடைக்காய் வேணாம்மா. எங்கப்பா பொறுக்குன காயைத்தான் போடுவேன். அவிஞ்சிருந்தாலும் சரி."

அதையே கோத்தார்கள். மேடையில் மாப்பிள்ளை வீட்டுக்காரம்மா ஒருவர் மாலையைத் திருப்பிப் பார்த்து, இதென்ன இந்த நிறம் என்று கேட்டார். மாமா தலை குனிந்தார். கனகா நிமிர்ந்து, மணமேடைக்குப் பின்னால் ஒளியப் பார்த்த என்னைக் கை காட்டினாள்.

"எங்க மச்சான் அவிச்சதுங்க. மலையில யாருக்குமே இது கெடைக்காது."

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் யாராவது பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தாலி கட்டி முடிகிறவரை கீழே வைக்கக்கூடாது என்பார்கள். அந்த வழக்கம் கனகா கல்யாணத்திலேயே தொடங்கிவிட்டது. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் மாலையின் நிறம் தெரியவில்லை. ஓரத்தில் நான் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மாமா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.